எட்டு வரிசை பயித்தங்காய்

சுங்கை ஆயர் தாவார் என்ற ஊருக்கு வெளியே ஓர் ஆட்டுப்பண்ணையில் பள்ளி விடுமுறைக்கு ஐந்து நாள் தலைமைத்துவ முகாம் நடந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பதினாறு வயது ரிஸ்வானாவும் வந்திருந்தாள், விருப்பத்தோடு அல்ல. கோலா சிலாங்கூரில் அவளுடைய அத்தா அப்துல் மஜீது சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். முகாமை நடத்தும் விஜயராணி டீச்சர் அந்தக் கடையில்தான் காலையில் பசியாறுவார். ஒரு நாள் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தபோது அவர் முகாமைப் பற்றிப் பேச்செடுத்தார். ரொட்டி மேசைக்கு வருவதற்குள் அத்தா மகளின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதல் நாளே தலைவர் தேர்தல் வைத்தார்கள். டீச்சர் சீட்டுகளைப் பிரித்து பெரிய மாஜோங் தாளில் ஓட்டுக்கொரு கோடு போட்டார். பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு. எல்லாரும் தங்களுக்கே போட்டுக்கொண்டிருந்தார்கள். முகாமுக்கு வர வேனில் ஏறியதிலிருந்து வாயைத் திறக்காத கோகிலன்கூடத் தனக்குத்தான் போட்டிருந்தான். ரிஸ்வானா மட்டும் இன்னொருவருக்குப் போட்டாள். அவளுக்கு அப்போது நினைவிருந்த ஒரே பெயர் உடையப்பன். வேனில் அவன் அதை நான்கு முறை சொல்லியிருந்தான். ஆக, இரண்டு ஓட்டு வாங்கி உடையப்பன் தலைவரானான்.

“என் மேல நம்பிக்கை வச்ச எல்லாருக்கும் நன்றி,” என்று பேசினான். ரிஸ்வானா தலையைக் குனிந்துகொண்டாள்.

பண்ணையில் முப்பத்தொரு ஆடுகள் இருந்தன. காலையில் கொட்டகையைக் கழுவ வேண்டும், புல் போட வேண்டும். பிறகு வட்டமாக உட்கார்ந்து பொறுப்பு என்றால் என்ன என்று பேச வேண்டும். மூன்றாம் நாள் காலை கோகிலனுக்குப் புல் போடும் முறை. அவன் போட்டுவிட்டுப் போனான். அதன் பிறகு உடையப்பன் கொட்டகைக் கதவின் மேல் ஏறி உட்கார்ந்து, ஆடுகள் பின்னால் தெரியும்படி தலைவர் உரை ஒன்றை வீடியோ எடுத்தான். இறங்கும்போது தாழ்ப்பாள் நழுவிக் கதவு லேசாகத் திறந்தது. அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான்.

வாளியோடு வந்த ரிஸ்வானா அதைப் பார்த்தாள். கதவுக்கும் அவளுக்கும் பத்தடி தூரம். அன்றைக்கு அவளுக்குக் கொடுத்த வேலை வாளி. கதவு அவள் வேலை இல்லை. தண்ணீர் பிடிக்கப் போனாள்.

அரை மணி நேரம் கழித்துப் பக்கத்து நிலத்து வள்ளியம்மா பண்ணைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கிடாயின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

“இது உங்க ஆளா?” என்று கேட்டார்.

டீச்சர் ஆட்டைப் பார்த்தார். “அப்படித்தான் தெரியுது.”

“மிச்ச ஆளுங்க அங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. எட்டு வரிசை பயித்தங்காய். அடுத்த வாரம் பறிக்க வேண்டியது லா.”

ஆடுகளை ஓட்டிவர மதியமாகிவிட்டது. எட்டு வரிசையிலும் குச்சிகள் மட்டும் நின்றன. சில குச்சிகளையும் காணவில்லை. பிறகு டீச்சர் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, கதவை யார் திறந்து போட்டது என்று கேட்டார்.

“கடைசியா புல் போட்டது கோகிலன்தான் டீச்சர்,” என்றான் உடையப்பன். தலைவர் என்பதால் முதலில் பேசினான்.

“நீயாப்பா?” என்று டீச்சர் கேட்டார்.

கோகிலன் வெகுநேரம் யோசித்தான். “பூட்டினேன்னு நெனச்சேன் டீச்சர். பூட்டலையோ என்னவோ.”

முகாம் முடியும்வரை அவன்தான் சட்டி கழுவ வேண்டும் என்று முடிவாயிற்று. அவன் எழுந்து போய் அப்போதே கழுவ ஆரம்பித்தான். இடையிடையே தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அந்தக் கை காலையில் என்ன செய்தது என்று அதனிடமே கேட்பதுபோல. அதைப் பார்த்த ரிஸ்வானா தன் சோற்றுத் தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

உடையப்பன் மாமரத்தடியில் காணொளிக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தான். அவள் போய் எதிரில் நின்றாள்.

“கதவ நீதான் திறந்து போட்ட. நான் பார்த்தேன்.”

“பார்த்தியா? அப்ப நீ ஏன் பூட்டல?”

அவள் வேறொன்று சொன்னாள். “உனக்கு ரெண்டு ஓட்டு விழுந்துச்சுல்ல? ஒண்ணு நான் போட்டது. அத நான் திருப்பி எடுத்துக்கறேன்.”

“அப்படில்லாம் எடுக்க முடியாது.”

“எடுத்துட்டேன்.”

அவன் முகம் மாறியது. திட்டியிருந்தால்கூட அவ்வளவு மாறியிருக்காது. “ஏன் எனக்குப் போட்ட?” என்று மெதுவாகக் கேட்டான்.

“உன் பேரு மட்டும்தான் தெரியும்.”

கொஞ்ச நேரம் அவன் கைப்பேசியைப் பார்த்தான். அதில் ஒன்றும் ஓடவில்லை. “டீச்சர்கிட்ட நீ சொல்லப் போறியா?”

“நான் பூட்டாததச் சொல்லப் போறேன். உன்னோடத நீ சொல்லு.”

இருவரும் போய்ச் சொன்னார்கள். டீச்சர் தன் முகாம் வழிகாட்டிக் கோப்பைப் புரட்டினார். நாற்பது பக்கம் இருந்தும் இதற்கு ஒரு பக்கம் இல்லை. கோப்பை மூடிவிட்டு அவர்களை வள்ளியம்மாவிடம் அழைத்துப் போனார்.

“மன்னிச்சிருங்க ஆன்ட்டி,” என்றான் உடையப்பன்.

“மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? குச்சி ஊனு, விதை போடு.”

மறுநாள் காலை இருவரும் மண்வெட்டியோடு போனார்கள். சிறிது நேரத்தில் கோகிலனும் வந்து சேர்ந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

“நீ ஏன் வந்த? உன் மேல தப்பில்லன்னு டீச்சர் சொல்லிட்டாங்களே,” என்றாள் ரிஸ்வானா.

“அங்க கையத் தட்டிப் பாடச் சொல்றாங்க.”

கோகிலனுக்கு வேலை தெரிந்திருந்தது. குச்சியை எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும் என்று தானே ஊன்றிக் காட்டினான். மூன்றாவது வரிசை முடிந்தபோது எழுந்து நின்று, முதல் தடவையாக உடையப்பனை நேராகப் பார்த்தான்.

“டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேட்ட. ஆன்ட்டிகிட்ட கேட்ட. என்கிட்ட கேக்கல.”

உடையப்பனின் கையில் விதைப் பொட்டலம் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டான். “சாரி. நீ பூட்டிட்டுதான் போன. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உன் பேரச் சொன்னேன்.”

கோகிலன் அவன் ஊன்றிய குச்சிகளைப் பார்த்தான்.

“சரி,” என்றான் கடைசியில். “உன் வரிசை வளைஞ்சிருக்கு. பிடுங்கிட்டு மறுபடி ஊனு.”

உடையப்பன் குனிந்து குச்சிகளைப் பிடுங்க ஆரம்பித்தான். ரிஸ்வானா வரிசையை நேராக்க நீட்டிய கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். மறுமுனையைப் பிடித்திருந்த கோகிலன் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளச் சொன்னான். அவள் தள்ளி நின்றாள்.