கொழும்புச் சாமான் இல்லாத ஐஸ்கிரீம்

என் தங்கை ஜெனீராவின் மாப்பிள்ளை ஷுக்ரி, நிக்காஹ் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் உடுப்பு இருந்தது. மற்றதில் கொழும்பை மடித்து வைத்திருக்கிறார் என்று உம்மா சொல்வா. வாயைத் திறந்தால் அந்தப் பெட்டியும் திறந்துகொள்ளும். டிராம் வண்டியில் ஆரம்பித்து, கடற்கரைக் காற்று, காஸ் விளக்கு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். நல்ல மனிதர்தான். கோபமே வராது. ஆனால் எங்கள் மலையூரான பண்டாரவளையில் சூரியன் உதித்தால்கூட, கொழும்பில் இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக உதிக்கும் என்பார்.

ரயில் பாதை பண்டாரவளையோடு முடிந்துபோன காலம் அது. பதுளைக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி மாட்டுவண்டி பிடிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு மேலே சந்தியில் எங்கள் வாப்பா மஹ்ரூப்பின் பலசரக்குக் கடை. பின்னால் வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தேயிலை அறை. அந்த அறை ஜெனீராவுடையது. நமுனுகுல, பூனாகலைத் தோட்டங்களிலிருந்து வாங்குகிற தூளை அவள் மோந்து பார்த்து, வெந்நீரில் ஊறவைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, எதோடு எது எவ்வளவு சேர வேண்டும் என்று முடிவு செய்வாள். பெரகலச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறவர்கள், மகள் கலந்ததுதானா என்று கேட்டுத்தான் பொட்டலத்தை வாங்குவார்கள்.

எங்களில் கல்யாணம் முடித்த ஆண் பெண்வீட்டில் வந்து இருப்பதுதான் வழக்கம். ஷுக்ரியும் அதற்குச் சம்மதித்துத்தான் வந்தார். மூன்றாம் மாதம், அவருடைய நானா, அதாவது அண்ணன், கொழும்புப் புறக்கோட்டையில் புடவைக்கடை திறந்தார். மாதக் கடைசிக்குள் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வந்து சேர் என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். ஷுக்ரிக்கும் ஆசை வந்துவிட்டது. ஜெனீரா மட்டும் உம்மாவிடம் அடுப்படியில் வைத்துச் சொன்னாள்:

"நான் போனா தேயில அறய யாரு பாக்கிற? நானாவா? அவருக்குத் தேயிலத் தூளும் ஒண்டு, மரத்தூளும் ஒண்டு."

அந்த நானா நான்தான். பாறூக் என்று பெயர். அவள் சொன்னதில் பொய் இல்லை.

அன்று ராச்சோறு உண்ணும்போது ஷுக்ரி ஐஸ்கிரீமைப் பற்றித் தொடங்கினார். கொழும்பில் ஒரு ஹோட்டலில் கண்ணாடிக் கிண்ணத்தில் தருவார்களாம். கரண்டியால் எடுத்து வாயில் வைத்தால் பல் கூசும், பிறகு உருகி ஓடும், போன இடம் தெரியாது என்றார். அதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார். மலைநாட்டில் இத்தனை குளிர் இருந்து என்ன பயன், ஒரு கரண்டி ஐஸ்கிரீமுக்கு வழி இருக்கிறதா என்று கேட்டார்.

ஜெனீரா கறிச்சட்டியை இறக்கி வைத்தாள். "நான் செஞ்சு தந்தா?"

"கொழும்புலேந்து ஐஸ் எடுப்பிச்சுத்தானே? அப்ப அதுவும் கொழும்பு ஐஸ்கிரீம்தான்" என்று ஷுக்ரி சிரித்தார். பிறகு, வயிறு நிறைந்து கை கழுவ எழும்பிய உற்சாகத்தில் அந்த வார்த்தையைச் சொன்னார்: "கொழும்புச் சாமான் ஒண்டும் சேக்காம, இந்த ஊட்டுல ஒரு கரண்டி ஐஸ்கிரீம் தாங்க. நான் பொட்டியக் கட்ட மாட்டேன். இஞ்சயே இருந்துருவேன்."

"மருமகன், நான் கேட்டுட்டேன்" என்றார் வாப்பா. எல்லோரும் சிரித்தோம். ஜெனீரா சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் ஷுக்ரிக்குத் தேத்தண்ணி கொடுக்கும் வேளைகளில் ஒரு கேள்வியும் சேர்த்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நாங்கள் அதில் சீனி போடுவதில்லை. பால் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும், கித்துள் மரத்துக் கருப்பட்டித் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கடித்துக் கடித்துக் குடிப்போம். இனிப்பு எவ்வளவு வேண்டும் என்பது குடிக்கிறவர் பாடு. ஊற்றுகிறவர்களுக்கு அதில் வேலை இல்லை. மாப்பிள்ளைக்கு மட்டும் சீனிக் கிண்ணம் தனியாகப் போகும். கருப்பட்டியை நீட்டினால், "கொறிச்சுக் குடிக்க நான் என்ன அணிலா?" என்பார்.

சீனியைக் கலக்கிக்கொண்டே அவர் பெருமையாகப் பதில் சொல்வார். ஐஸ்கிரீமைத் தகர டப்பாவில் ஊற்றி மூடுவார்கள் என்பது காலையில் தெரிந்தது. அந்த டப்பாவை ஐஸ் நிரப்பிய வாளிக்குள் வைத்துத் திருப்புவார்கள், பணக்கார வீடுகளில் அதற்குக் கைப்பிடி வைத்த மெஷினே உண்டு என்பது மத்தியானம். ஐஸின்மேல் கல்லுப்புத் தூவுவார்கள், அப்போதுதான் உள்ளே இறுகும் என்பது அடுத்த நாள். உப்புப் போட்டால் ஐஸ் உருகிவிடாதா என்று அவள் கேட்டாள். உருகும், உருகும்போதுதான் குளிர் கூடும், ஹோட்டல் அடுப்படியில் அவரே எட்டிப் பார்த்திருக்கிறாராம். தன்னிடமிருந்து செய்முறை முழுவதையும் உருவிக்கொண்டாள் என்பது அவருக்குத் தெரியவே இல்லை.

ஆனால் ஐஸ்? அதற்கு மட்டும் அவளிடம் வழி இருக்கவில்லை. நுவரெலியாப் பக்கம் தையில் புல்லின்மேல் உறைபனி படியும் என்பார்கள். இது ஏப்ரல். மாதமும் முடிந்துகொண்டிருந்தது. ஒருநாள் பின்னேரம், பெட்டிகளை ரயிலில் போடுவது எப்படி என்று கேட்டு வருவதற்காக ஷுக்ரி ஸ்டேஷனுக்கு இறங்கிப் போனார். ஜெனீரா தேயிலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் போய்ச் சேர்ந்திருக்கமாட்டார், வானம் கறுத்தது. இடி இடித்தது. பிறகு எங்கள் தகரக் கூரைமேல் யாரோ மூட்டை மூட்டையாகச் சல்லிக்கல்லைக் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். வாப்பா பேசுவது எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பூனாகலையிலிருந்து பால் கொண்டுவருகிற வண்டிக்காரர் பொன்னையா, மாடுகளை எங்கள் கடைத் தாழ்வாரத்துக்குள்ளேயே ஓட்டிவந்துவிட்டார். ஒரு மாடு அரிசி மூட்டையை மோந்து பார்த்தது. முற்றம் வெள்ளையாகிவிட்டிருந்தது. ஆலங்கட்டி. சில கட்டிகள் நெல்லிக்காய் அளவு.

தேயிலை அறைக் கதவு திறந்தது. ஜெனீரா தலைக்குமேல் சுளகைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். சுளகில் கட்டிகள் பட்டுத் தெறித்தன. திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"நானா, தேயிலப் பொட்டி!"

ஈயத்தாள் வைத்த தேயிலைப் பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு ஓடினேன். பிறகு நடந்ததை யார் பார்த்திருந்தாலும் எங்களுக்குப் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். வாப்பா தொப்பிக்குமேல் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, கடையில் அரிசி அள்ளும் தகரத்தால் அள்ளினார். உம்மா கூரை ஓரத்தில் குவிந்ததை முறத்தால் வாரிப் போட்டா. அல்லாஹ்வின் ரஹ்மத்தை, அவன் இறக்கிய அருளை, மிதித்துவிடாதே என்று எனக்கு ஓர் அதட்டலும் போட்டா. பொன்னையா கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமலே பால்வாளியின் மூடியால் அள்ளத் தொடங்கினார். பெட்டி நிறைந்ததும்தான் கேட்டார்:

"எதுக்குங்க முதலாளி இது?"

ஐஸ்கிரீமுக்கு என்று வாப்பா சொன்னார். பொன்னையா தலையை ஆட்டினார். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

மழை நின்றது. இனிக் கட்டிகள் கரைவதற்குள் வேலை முடிய வேண்டும். ஜெனீரா பொன்னையாவிடம் பால் வாங்கிப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சினாள். நமுனுகுலத் தூளில் மணம் அதிகம், பூனாகலைத் தூளில் நிறம் அதிகம் என்று இரண்டையும் அளந்து, துணியில் முடிந்து, சூடான பாலில் போட்டு, கசப்பு இறங்கும் முன் எடுத்தாள். கோழிமுட்டை மஞ்சள் கருவை அடித்துச் சிறிது சிறிதாகச் சேர்த்துத் துழாவினாள். செங்கல் நிறத்தில் கெட்டியாக வந்தது. டப்பாவில் ஊற்றி, முதலில் கிணற்றுத் தண்ணீரில் வைத்து ஆறவிட்டாள். பிறகு மரவாளியில் வைத்து, சுற்றிலும் ஓர் அடுக்கு ஆலங்கட்டி, ஓர் அடுக்கு கல்லுப்பு என்று நிரப்பினாள். இத்தனை பாடுபட்டு அள்ளியதில் உப்பைக் கொட்டிக் கரைக்கிறாளே என்று உம்மாவுக்கு மனம் கேட்கவில்லை.

"ஊறுகா போடுறாப்புல இருக்குங்க" என்றார் பொன்னையா.

திருப்புவது என் வேலை. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று. விரல் மரத்துப்போனதும் வாப்பா வாங்கினார். அவருக்குப் பிறகு பொன்னையா. இடையிடையே ஜெனீரா மூடியைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியதை அகப்பைக் காம்பால் சுரண்டி நடுவில் விட்டாள். முதலில் தண்ணீராகவே இருந்தது. பெட்டியில் கட்டிகள் பாதிக்குமேல் கரைந்துவிட்டன. பிறகு ஒருமுறை அகப்பைக் காம்பை உள்ளே விட்டாள்; அது சாயாமல் நின்றது.

அப்போதுதான் ஷுக்ரி வந்தார். போகும் வழியில் கட்டி ஒன்றைத் தலையில் வாங்கி, மழை விட்டபின் ஸ்டேஷனில் பெட்டிக்கு எல்லாம் பேசி முடித்துவிட்டு, நெற்றியைத் தடவியபடி வந்தார். வாளியைப் பார்த்தார். தடவிய கை நின்றது.

எந்தக் கணக்கப்பிள்ளையும் அவ்வளவு கண்டிப்பாகக் கணக்குப் பார்த்திருக்கமாட்டார். ஐஸ் எங்கிருந்து என்றார். உம்மா விரலை மேலே காட்டினா. உப்பு? அம்பாந்தோட்டை உப்பளத்திலிருந்து வெல்லவாய வழியாக மாட்டுவண்டியில் மலையேறியது. பால் பொன்னையாவுடையது, முட்டை வீட்டுக் கோழியுடையது, டப்பா பதுளைத் தகரக்காரன் செய்தது. ஷுக்ரி தோல்வியை அழகாக ஏற்றுக்கொள்கிற ஆள். கிண்ணத்தை நீட்டினார். இறுகிப்போயிருந்ததைக் கத்தியால் சீவி ஜெனீரா அவருக்கும், எங்கள் எல்லோருக்கும் வைத்தாள்.

அவர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். மூடிய கண் அப்படியே சுருங்கியது.

"இதுல சீனி இல்லயே" என்றார்.

ஜெனீராவின் கை கத்தியோடு நின்றது. அவள் மறந்துபோயிருந்தாள். மறந்தாள் என்றும் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து தேத்தண்ணியில் சீனி போட்டறியாத கை, இப்போது மட்டும் எப்படிப் போடும்? நாங்களும் பக்கத்திலேயே நின்றோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷுக்ரி கிண்ணத்தைக் கீழே வைத்தார். இது ஐஸ்கிரீம் கணக்கில் சேராது என்று மெதுவாகத்தான் சொன்னார்.

அந்த நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. கறுக். வாப்பா கருப்பட்டியைக் கடித்திருந்தார். கருப்பட்டித் தட்டு எப்போது நடுவுக்கு வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியாது. வாப்பா ஒரு கடி, ஒரு கரண்டி என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தார். உம்மாவும் அப்படியே. பொன்னையா தன் துண்டை முடித்துவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டினார். நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். அதிலும் ஒரு துண்டு இருந்தது. சீனி இல்லை என்ற பேச்சே அவர்களில் யாருக்கும் விளங்கவில்லை.

ஜெனீராவின் முகத்தில் நிறம் திரும்பியது. கத்தியை வைத்துவிட்டு ஷுக்ரியின் முன்னால் வந்தாள்.

"சீனி கொழும்பு ரயில்ல வாற சாமான். அதச் சேத்திருந்தா நீங்க சொன்ன பேச்சு என்னாகிற?"

வாப்பாவுக்குப் புரையேறியது. அவள் தட்டிலிருந்து ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். வாங்கி, ஓரத்தைக் கொஞ்சம் போலக் கடித்து, ஒரு கரண்டி உள்ளே விட்டார்.

எல்லோரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். குளிருக்குள் கருப்பட்டி மெல்லக் கரைந்து, அதற்குப் பின்னால் தேயிலையின் மணம் எழுந்து வரும். எங்களுக்கு அது தெரிந்திருந்தது. அவருக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வந்தது. இரண்டாவது கடி பெரிதாக இருந்தது. மூன்றாவதில் துண்டு முடிந்தது. கிண்ணத்தின் அடியைச் சுரண்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"கொழும்புல இது இல்ல."

"மருமகன், இதயும் நான் கேட்டுட்டேன்" என்றார் வாப்பா.

மறுநாள் முதல் வேலையாக ஸ்டேஷனுக்குப் போய்ப் பெட்டி அனுப்பவில்லை என்று சொல்லிவிட்டு வருவதாக ஷுக்ரி ஒத்துக்கொண்டார். அவருடைய கொழும்பு நானாவுக்கு என்ன சொல்வது என்று உம்மா கவலைப்பட்டா. ஒருமுறை இங்கே வந்து சாப்பிட்டுப் பார்த்தால் அவரும் புடவைக்கடையை இங்கே கொண்டுவந்துவிடுவார் என்றார் ஷுக்ரி. டப்பாவில் மிச்சம் இருந்ததைப் பொன்னையா தூக்குச்சட்டியில் கேட்டு வாங்கிக்கொண்டார். தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கரைந்துவிடுமே என்றேன். "கரைஞ்சா தேத்தண்ணிதானேங்க, குடிச்சிட்டுப் போறோம்" என்று மாட்டைத் தட்டினார்.

அடுத்த நாள் காலைத் தேத்தண்ணி வந்தது. வழக்கம்போல மாப்பிள்ளைக்குச் சீனிக் கிண்ணமும் வந்தது. ஷுக்ரி அதை வாப்பா பக்கம் தள்ளிவிட்டு, உள்ளங்கையை நீட்டினார். ஜெனீரா தட்டைக் கிளறி, இருந்ததிலேயே சின்னத் துண்டாகத் தேடி எடுத்து அதில் வைத்தாள்.

"அணிலுக்கு இவ்வளவு காணும்" என்றாள்.