வெல்டர் வந்தார், சமையல்காரர் வந்தார்

வளைகுடாவில், ஃபஹாஹீல் லேபர் கேம்பில் நான்காம் ரூம் அழகுமலை, வெள்ளிக்கிழமைதோறும் காலையில் இரண்டு பேராக எழுந்தார். ஒருவர் சைட்டுக்குப் போய், அங்கே எந்த ஆள் குறைகிறதோ அந்த ஆளாகிவிடுவார்: வெல்டர், கொத்தனார், மெஸ் சமையல்காரர். ஆனபின் வேறெதுவும் ஆகமாட்டார். மற்றவர் எதுவும் ஆகாமல், ஒரு நரைகூட இல்லாமல், முப்பது வயதிலேயே நின்றுபோய், கட்டிலில் உட்கார்ந்து டீ குடிப்பார். விசாவில் தொழில் என்ற இடத்தை டைப்பிங் சென்டர்காரன் காலியாக விட்டதுதான் காரணம் என்றார்கள். கம்பெனிக்குக் கசக்குமா? ஒரே விசாவில் ஒன்பது வருடமாக ஆள் வந்துகொண்டே இருந்தது.

கசந்தது சிவகங்கையில் இருந்த சங்கீதாவுக்கு. ஆள் முளைக்கிற அழகுமலையை விட்டுவிட்டு, ஆகி முடிந்த ஒருவரைத்தான் கம்பெனி லீவில் அனுப்பியது. "ஒரு வருசம் வெல்டரு வந்தாரு, கேட்டுக்கு வெல்டிங் வச்சுட்டுப் போனாரு. மறு வருசம் சமையக்காரரு, அம்பது பேருக்குச் சோறாக்கி வச்சாரு. எம் புருசன் எப்பங்க வருவாரு?" என்று போனில் அழகுமலையிடமே அழுதாள். பாவம், அவர் புறப்பட்டபோது அவரைவிட நான்கு வயது இளையவள், இப்போது ஐந்து வயது மூத்தவள்.

அழகுமலை கேம்ப் டாக்டரிடம் போனார். டாக்டர் அவரை சம்யுக்தாவிடம் அனுப்பினார். ஆய்வுக்கூடத்தில் கருவின் ஸ்டெம் செல்களை வளர்க்கும் கோயம்புத்தூர்ப் பெண். அவர் ஆச்சரியப்படவில்லை. செல்லுக்குள் மூன்று புரதங்கள், ஒவ்வொன்றும் மற்ற இரண்டின் மரபணுவையும் எழுப்பிவிடுகிறது என்றார். மூன்றும் விழித்திருக்கும்வரை செல் தன்னைப்போலவே இன்னொன்றைத் தரும். எலும்பாகவோ நரம்பாகவோ ஆக்கும் மரபணுக்களைத் தூங்கவைக்கும். கூப்பிட்டால் எழும் தூக்கம்தான். மூன்றில் ஒன்று அயர்ந்தாலும் செல் எதுவாகவோ ஆகத் தொடங்கும், தானாகத் திரும்பாது.

"அண்ணா, உங்க ரூம்ல யாரு யாரை எழுப்பிவிடறாங்க?"

செய்கு முகம்மது, மணிமாறன், மணிகண்டன். ஒன்பது வருடத்தில் யார் முதலில் விழித்தாலும் மற்ற இருவரையும் உலுக்கி, "யல்லா, டூட்டி" என்பார்கள். ஒருநாளும் தவறியதில்லை.

"அவங்க தூங்கினா உங்களுக்கு வயசாகும். என்னவா ஆவீங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார் சம்யுக்தா. அழகுமலை ரூமுக்கு வந்து, ஒருநாள் எழாமல் தூங்க முடியுமா என்று மூவரிடமும் கேட்டார்.

"ஒருநா தூங்குனா குடியா முழுகிப்போகும்? கலாஸ், இதோட முடிஞ்சுது, நீ ஊருக்குப் போ மாப்ள" என்றார் செய்கு முகம்மது.

அந்த வெள்ளிக்கிழமை மூவரும் பத்து மணிவரை தூங்கினார்கள். வெள்ளிக்கிழமை ஓவர்டைமுக்கு வராததால் மூவருக்கும் வார்னிங் லெட்டர் வந்தது. அழகுமலை ஒரே ஆளாக எழுந்தார். ஆள் முளைக்காத அழகுமலையால் கம்பெனிக்கு என்ன பயன்? விசா கொடுத்த முதலாளியான கஃபீல், ஊருக்கு அனுப்பும் பேப்பரில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

சங்கீதா கதவைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தத் தடவ என்னவா வந்திருக்கீங்க?"

"இன்னும் ஒண்ணும் ஆகல. இங்க வந்து ஆகலாம்னு வந்தேன்."

அவர் காதோரம் ஒரு முடி வெளுத்திருந்தது. சிமெண்டாக இருக்குமோ என்று விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள வாங்க" என்றாள்.