டைம்கீப்பர் போட்ட சார்ட்டும் மகள் போட்ட சார்ட்டும்

அந்த பஸ் டெப்போவில் எந்த டிரைவர் எப்போது வண்டி எடுக்க வேண்டும் என்று டியூட்டி சார்ட் போடுவது டைம்கீப்பர். முப்பத்தொரு வருடமாகப் பென்சிலால் அவர் போட்டதுதான் சட்டம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை அவர் மகளே கேட்டு வாங்கினாள். தனியாக எடுத்த முதல் வேலை. சார்ட் போடும் புரோகிராம் வெள்ளிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் வேலை வெளி கம்பெனிக்குப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை காலை டெப்போ அறையில் உட்கார்ந்து, விதிகளை ஒவ்வொன்றாக ஏஐயிடம் சொன்னாள். அது கடகடவென்று எழுதித் தள்ளியது.

"கையால எழுதினா ரெண்டு மாச வேலைப்பா. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிருச்சு."

"அதான் சந்தேகமே. கொண்டா இங்க."

சார்ட்டில் ஊர்ந்துபோன அவர் விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஏம்மா, இவன் ராத்திரி பதினொன்னுக்கு வண்டிய விட்டுட்டு காலைல அஞ்சுக்கு எடுக்கிறான். எங்க தூங்குவான், ஸ்டியரிங் மேலயா?"

மகளின் முகம் சுண்டிவிட்டது. இரண்டு டியூட்டிக்கு நடுவே ஒன்பது மணி நேர ஓய்வு வேண்டும் என்று அவள் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வாள்? அது எந்தத் தாளிலும் இல்லை, டைம்கீப்பரின் மண்டைக்குள் இருந்தது.

அதைச் சேர்த்தாள். மீறினால் காட்டிக்கொடுக்கும் சோதனையையும் ஏஐயை எழுதவைத்து, வரி வரியாகப் படித்து இரண்டு இடத்தில் திருத்தினாள். பிறகு அப்பாவின் போன வருடச் சார்ட்டுகளை அதற்குள் விட்டுப் பார்த்தாள்.

திரையில் மூன்று சிவப்பு வரிகள்.

"அப்பா, நீங்களும் மூணு பேர தூங்க விடல."

"என் சார்ட்லயா? அந்தக் கழுதைக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

பழைய தாள்களை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மூன்றும் உண்மை. காது சிவந்தது. தாளை மடித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கேட்டார். "மெஷின் எழுதினத நம்பலாமா பெரியவரே?"

"நான் இன்னும் நம்பல சார். மூணு நாளா அதுக்குள்ள டிரைவருங்களுக்குக் கண்டபடி லீவு போட்டு, வண்டிய ரிப்பேர்ல நிறுத்தி, உடைக்கப் பார்த்தேன். உடைஞ்சப்பல்லாம் அரை மணில சரி பண்ணிட்டா. நேத்திலருந்து உடையல."

"சரி பண்ணது யாரு, மெஷினா, பொண்ணா?"

"அது வேகமா எழுதும். எது தப்புன்னு எம்பொண்ணு சொல்லணும். என் தப்பையே சொன்னவ சார்."

திங்கட்கிழமை புதுச் சார்ட்படி வண்டிகள் கிளம்பின. டைம்கீப்பர் டெப்போ வாசலில் நின்று, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும், "எம்பொண்ணு போட்டது" என்றார்.

"நாலாவது தடவ சொல்லிட்டீங்க பெரியவரே," என்று ஹாரனை அழுத்தினார் ஒரு டிரைவர். "வழிய விடுங்க, லேட்டானா உங்க பொண்ணு சார்ட்டுதான் கெடும்."

சட்டென்று ஒதுங்கி நின்றார்.