ஃபிரிட்ஜுக்குள் போன ஜாடி

பத்தூலின் நாத்தனார் பஹீஜா காஸாபிளாங்காவிலிருந்து வந்து இறங்கி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டுவிட்டாள்.

"என்ன பத்தூல், இன்னமும் அந்த நாத்தம் புடிச்ச ஜாடிய வெளியிலயா வெச்சிருக்க? நாளைக்குப் பொண்ணு கேக்க வர்றாங்க. வாசல்லயே திரும்பி ஓடிடப் போறாங்க, பாரு."

ஒரு மரியாதைக்காவது "நல்லா இருக்கியா" என்று கேட்டுவிட்டு இதைச் சொல்லக் கூடாதா? கேட்கமாட்டாள். பத்தூல் மரியாதையாக 'லல்லா' என்று கூப்பிடுகிற பஹீஜா அப்படித்தான்.

அவள் நாற்றம் என்று சொன்ன ஜாடியில் இருந்தது ஸ்மென். மகள் இப்திஸாம் கல்லூரியில் சேர்ந்த வருஷம், மலைக் கிராமத்திலிருந்து வரவழைத்த வெண்ணெயைப் பத்தூல் தன் கையாலேயே அலசினாள். மோர் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லாமல் பிழிந்தாள். ஓமம் போல மணக்கும் மலைச்செடியின் இலையைக் காய்ச்சிய தண்ணீரும் கல்லுப்பும் சேர்த்துப் பிசைந்து, மண்ஜாடியில் காற்றுப் புகாமல் அமுக்கி, மூடி போட்டுத் துணி கட்டி, சமையலறையின் இருட்டு அலமாரியில் வைத்தாள். மகள் கல்யாணத்தன்று கூஸ்கூஸ் சோற்றின் தலையில் அந்த ஸ்மென்தான் உருகி இறங்க வேண்டும் என்பது அவள் ஆசை. வாசனை கொஞ்சம் முரட்டு வாசனைதான், இல்லையென்று யார் சொன்னார்கள்? அவர்கள் வாழும் ஃபெஸ் நகரத்தில் அந்த வாசனை வராத வீட்டைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

"வெண்ணெய்னா ஃபிரிட்ஜ்லதான் இருக்கணும். வெளியில வெச்சா வெஷமாயிடும். எங்க டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள் பஹீஜா.

"உப்புப் போட்டுப் பக்குவம் பண்ணின வெண்ணெய், லல்லா பஹீஜா. கெடறதா இருந்தா இத்தன வருஷத்துல கெட்டிருக்காதா? வர்றப்பல்லாம் ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போறீங்களே, அது எந்த ஜாடியிலேர்ந்தாம்?"

"அது எங்க வீட்டுக்காரருக்கு. ஹரீரா சூப்புல இத விடலன்னா அவருக்குத் தொண்டையில இறங்காது. நான் கையால கூடத் தொடமாட்டேன், தாயே!"

பத்தூல் பதிலுக்கு வாயெடுத்தாள். அவள் புருஷன் ஜிலாலி சோபாவிலிருந்தபடியே கையைக் காட்டினார். "விட்டுடு பத்தூல். விருந்தாளி."

விட்டுடு, விருந்தாளி. கல்யாணமான நாளாக இதே பாட்டு. புதுக்குடித்தனத்தில் பத்தூல் ஆசையாகத் தைத்து மாட்டிய சமையலறைத் திரையைப் பஹீஜா கழற்றிவிட்டு வேறு திரை மாட்டினாள். விட்டுடு, விருந்தாளி. பிள்ளை பிறந்தபோது வந்து, பெற்றவள் நினைத்து வைத்திருந்த பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பெயர் வைத்தாள். விட்டுடு, விருந்தாளி. வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறவள் விருந்தாளி என்றால், வருஷம் முழுக்க அடுப்படியில் நிற்கிறவள் யாராம்? அதை மட்டும் அந்த மனிதர் ஒருநாளும் சொன்னதில்லை. பத்தூல் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையிலேயே பாலைக் காய்ச்சி ஆறவைத்து, அகலவாய் வெள்ளிக் கூஜாவில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தாள். அன்றைக்கு எது குறைந்தாலும் பால் குறையக் கூடாது. பெண் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் நீட்டுவது பாலும் பேரீச்சம்பழமும்தான். மாப்பிள்ளையின் தாய் பாலைக் குடித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. குடிக்காமல் வைத்துவிட்டால், அதற்கப்புறம் என்ன பேசி என்ன? வருகிற சம்பந்தியம்மா லல்லா ஹனியாவோ லேசுப்பட்டவர் இல்லை. மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், தேநீர் டம்ளரின் ஓரத்தில் அழுக்கைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். இப்திஸாமுக்கு அந்த வீட்டு நிஸார் மேல் உயிர். நாலு வருஷம் காத்திருந்து அம்மாவிடம் வாய்திறந்த பெண். இந்தப் பேச்சு முறிந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பத்தூலுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பாலை வைத்துவிட்டு மகளை அழைத்துக்கொண்டு ஹம்மாமில் குளிக்கப் போனாள். அங்கிருந்து தலை அலங்காரத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது மதியம் தாண்டிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தால் ஒரே புகை! அறைக்கு அறை சாம்பிராணிச் சட்டி வைத்து, பஹீஜா மூக்கே மரத்துப்போகிற அளவுக்குப் போட்டிருந்தாள்.

"உன் ஜாடி நாத்தம் போகணுமில்ல? நீ போய் உடுத்திக்கோ. பாலுக்குப் பூத்தண்ணி கலக்கறது, ஊத்தறது எல்லாம் நான் பாத்துக்கறேன்."

இத்தனை வருஷத்தில் ஒரு வேலையையாவது தானாக இழுத்துப் போட்டுச் செய்கிறாளே, அல்லாஹ் இவளுக்கும் ஒரு நல்ல புத்தியைக் கொடுத்தானே என்று பத்தூல் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் உடுத்தப் போனாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் அவளுக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மாலையில் அவர்கள் வந்தார்கள். லல்லா ஹனியா நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் நிஸார், கூட உறவுக்காரர்கள் நாலைந்து பேர். பஹீஜா தட்டைத் தன் கையாலேயே ஏந்திக்கொண்டு, வளையல் சத்தம் கேட்க, வீட்டுக்காரி மாதிரி நடந்து வந்தாள். லல்லா ஹனியா பிஸ்மில்லாஹ் சொல்லிப் பேரீச்சம்பழத்தைக் கடித்தார். பால் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

நிறுத்தினார். டம்ளரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அதை மெதுவாகத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

நிஸார் மட்டும் தன் டம்ளரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, கண்ணில் நீர் கோர்க்க, வாசல் பக்கம் நின்றிருந்த இப்திஸாமைப் பார்த்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை. பத்தூல் பதறி ஒரு டம்ளரை எடுத்து முகர்ந்தாள். பூத்தண்ணீர் வாசனைக்கு அடியிலிருந்து குப்பென்று ஏறியது ஸ்மென்! அவளுடைய ஜாடியின் வாசனை அவளுக்குத் தெரியாதா?

அவள் வாய் திறப்பதற்குள் பஹீஜா முந்திக்கொண்டாள்.

"ஐயையோ! நான்தான் தலதலயா அடிச்சிக்கிட்டேனே! அந்த அழுகின வெண்ணெய வீட்ல வெக்காத, வெக்காதன்னு! இப்ப பால்ல வரைக்கும் ஏறிடிச்சு பாத்தியா? மன்னிச்சுக்கங்க லல்லா ஹனியா. எங்க தம்பி பொண்டாட்டிக்கு எத்தன சொன்னாலும் மண்டையில ஏறாது."

பத்தூல் புருஷனைப் பார்த்தாள். மனிதர் வாயில் பேரீச்சம்பழத்தை அடக்கிக்கொண்டு தரைவிரிப்பின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். அலமாரி காலி. ஃபிரிட்ஜைத் திறந்தாள். நடுத்தட்டில் உட்கார்ந்திருந்தது ஜாடி. உயரம் இடித்ததால் துணியையும் மூடியையும் கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள். வாயைத் திறந்துகொண்டு நின்ற ஜாடிக்குப் பக்கத்திலேயே, காலையிலிருந்து வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்த பால் கூஜாவின் ஈர வட்டம்.

சரி, இன்றைக்கும் விட்டுவிடலாமா? விருந்தாளிதானே? விட்டால் மகள் வாழ்க்கை போகும். பத்தூல் ஜாடியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, சம்பந்திகளுக்கு நடுவில், பட்டுத் துணி விரித்த மேஜையின் மேல் டொம்மென்று வைத்தாள்.

"லல்லா ஹனியா, மரியாதக் குறைவா நெனைக்காதீங்க. இது என் ஜாடி. என் கையால போட்டது. இத்தன வருஷம் என் அலமாரியில இருந்திச்சு, ஒரு நாள், ஒரு சொட்டுப் பால்ல இது ஏறினதில்ல. என் சமையக்கட்டுக்குள்ள பூந்து, என்னக் கேக்காம, மூடியக் கழட்டி, தெறந்த பாலுக்குப் பக்கத்துல இத வெச்சது யாரு? நான் காலையில குளிக்கப் போயிருந்தேன். வந்து உடுத்தப் போயிட்டேன்."

"விருந்தாளிங்க முன்னாடி இது என்ன கூத்து?" என்றாள் பஹீஜா.

"விருந்தாளிங்க முன்னாடிதான என் மானத்தக் கப்பலேத்துனீங்க? அவங்க முன்னாடியே எறங்கட்டும்! இந்த ஜாடிய நானே மூச்சு வாங்கித்தான் தூக்கிட்டு வந்தேன். லல்லா பஹீஜா தண்ணிக் குடம் தூக்கிக்கூட நான் பாத்ததில்ல. தனியா தூக்கி வெச்சிருப்பாங்களா?" பத்தூல் திரும்பினாள். "என்னங்க, சொல்லுங்க. வாயில இருக்கற பேரீச்சம்பழத்த முழுங்கிட்டுச் சொல்லுங்க."

ஜிலாலி விழுங்கினார். கொட்டையை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அக்காளைப் பார்த்தார். அவள் கண்ணால் ஏதோ சாடை காட்டினாள். வாசலில் நின்ற மகளைப் பார்த்தார்.

"நான்தான் தூக்கி வெச்சேன்" என்றார். "அக்கா வெக்கச் சொன்னா. ஒயரம் பத்தல, மூடிய எடுத்துட்டா. பத்தூல் வரட்டும், அவளக் கேட்டுக்கலாம்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல." கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "எப்பவுமே சொன்னதில்ல."

அந்தக் கடைசி வார்த்தையைச் சம்பந்திகளிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியாது. பத்தூலுக்குக் கேட்டது. கேட்டும் கோபம் இறங்கவில்லை. இதைச் சொல்ல இத்தனை காலமா என்று இன்னும் ஒரு படி ஏறியது.

லல்லா ஹனியா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. ஜாடியின் மேல் குனிந்து முகர்ந்தார். விரல் நுனியால் விளிம்பைத் தடவினார். பிறகுதான் பஹீஜாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்மென்ன ஃபிரிட்ஜ்ல வெக்கிறாங்களா? எந்த ஊர்லம்மா?"

"அது... எங்க டாக்டரு..."

"டாக்டர் பொண்டாட்டியக் கேட்டியா?"

லல்லா ஹனியா பத்தூல் பக்கம் திரும்பினார். "பாத்துக்கிட்டே நிக்கறியே, ஜாடி வேர்க்க ஆரம்பிச்சிடிச்சு. காஞ்ச துணி கொண்டா, சீக்கிரம். தண்ணி உள்ள எறங்கினா மொத்தமும் போச்சு. கல்யாணத்துக்கு வேணாமா?"

கல்யாணத்துக்கு என்று அந்த அம்மாள் வாயிலிருந்தே வந்துவிட்டது. இப்திஸாம் துணி எடுக்க ஓடிய ஓட்டத்தில் சாம்பிராணிச் சட்டியைத் தட்டிவிட்டாள். பத்தூலும் லல்லா ஹனியாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஜாடியின் உள்விளிம்பைத் துடைத்தார்கள்.

துடைத்து முடித்துக் கையை முகர்ந்து பார்த்துவிட்டு லல்லா ஹனியா உட்கார்ந்தார். "பால் குடிக்காம நான் பேச்ச ஆரம்பிக்க முடியாது. சீதி ஜிலாலி, கெடுத்தது நீங்கதான? நீங்களே போய் வாங்கிட்டு வாங்க."

ஜிலாலி வெள்ளை ஜெல்லாபா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் செருப்பு சடசடக்கத் தெருமுனைக் கடைக்கு ஓடினார். வியர்க்க விறுவிறுக்கப் பாக்கெட் பாலோடு வந்தார். லல்லா ஹனியா அதை ஒரு மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். சம்பந்தம் உறுதியாகி ஃபாத்திஹா ஓதினார்கள். அந்தச் சந்தடியில் பஹீஜா எப்போது எழுந்து உள்ளே போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் அவள் கிளம்பினாள். பெட்டியைக் கட்டியாயிற்று, முக்காட்டைச் சரிசெய்தாயிற்று, ஆனாலும் கதவருகிலேயே நின்றாள். கையில் கழுவித் துடைத்த காலி பாட்டில்.

"ஜிலாலி" என்றாள், பத்தூல் எதிரிலேயே நிற்கிறபோது, அவள் நிற்பதே தெரியாத மாதிரி. "கொஞ்சம் போட்டுத் தரச் சொல்லுடா. அவரு கேப்பாரு."

ஜிலாலி பெட்டியைக் கீழே வைத்தார்.

"அது பத்தூலோட ஜாடிக்கா. அவளக் கேளு."

பஹீஜா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் கண்ணை விலக்கவில்லை. கடைசியில் அவள் திரும்பினாள். பாட்டிலை நீட்டினாள்.

"பத்தூல்... கொஞ்சம் ஸ்மென் தர்றியா?"

இந்த வீட்டில் அவள் பத்தூலிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றதெல்லாம் எடுத்துக்கொண்டதுதான்.

பத்தூல் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். அலமாரியைத் தாண்டி நடந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து, கடையில் வாங்கிய பாக்கெட் வெண்ணெயை எடுத்துப் பிரித்து, கரண்டியால் வழித்து வழித்துப் பாட்டிலை நிரப்பினாள். இறுக்கி மூடினாள்.

"இந்தாங்க லல்லா பஹீஜா. ஃபிரிட்ஜ்லயே இருந்தது. பயப்படாமச் சாப்பிடச் சொல்லுங்க, வெஷமெல்லாம் ஒண்ணுமில்ல."

ஜிலாலி பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி, "விட்டு..." என்று ஆரம்பித்தார்.

பத்தூல் திரும்பிப் பார்த்தாள்.

அவர் அந்தக் கையாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.