கிடைக்காத தேடல்களின் பட்டியல்

ஃபெபி அந்தப் பொறியியல் கல்லூரி நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அதற்குள் அவள் பேசிய பேச்சு மொத்தத்தையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிவிடலாம். இயற்பியலில் பட்டம், அதற்கு மேல் ஒரு வருட நூலகப் படிப்பு. "ஏம்மா, நீ வாயத் தொறந்தா ரேக்கு சரிஞ்சிடுமா?" என்று நூலகர் தட்சிணாமூர்த்தி கேட்பார். அதற்கும் அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

காலையில் அவளுக்கு முதல் வேலை ஒரு பட்டியல். புத்தகம் தேடுவதற்கென்று வாசலருகே மூன்று கணினிகள் உண்டு. அவற்றில் யாராவது எதையாவது தேடி ஒன்றும் கிடைக்காமல் போனால் அது பதிவாகிவிடும். தேடிய சொல், நேரம், கணினியின் எண், கடைசியில் 'முடிவுகள்: 0'. எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொண்டு அழித்துவிட வேண்டும். "குப்பைம்மா அது," என்பார் தட்சிணாமூர்த்தி. ஃபெபி ஒவ்வொரு வரியையும் படித்த பிறகுதான் அழிப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை பட்டியலில் ஒரு பதிவு மட்டும் எட்டு வரிக்கு நீண்டிருந்தது. சனிக்கிழமை மாலை 6.20, இரண்டாம் கணினி. ஆசிரியர் வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியை யாரோ போனைப் பார்த்து எழுத்து எழுத்தாக அப்படியே தேடல் பெட்டியில் அடித்திருந்தார்கள். 'பகுதிநேர மாணவர்களுக்கு வணக்கம். இரண்டாவது அசைன்மென்ட். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் வரும் ஒரு குறைபாட்டை எடுத்து அதன் காரணங்களையும் தீர்வுகளையும் எழுதவும். மூன்று நூலக ஆதாரங்கள் கட்டாயம். இணையதளம் ஏற்கப்படாது. வெள்ளி மாலை கடைசி. தராதவர்கள் செமஸ்டர் தேர்வு எழுத முடியாது. நன்றி.'

நன்றியைக்கூட விடவில்லை. முடிவுகள்: 0.

ஃபெபிக்குச் சிரிப்பு வந்தது. 'தேர்வு எழுத முடியாது' என்ற இடத்தை மறுபடி படித்ததும் அது நின்றுபோயிற்று. பகுதிநேர மாணவர்கள் வேலை முடித்து மாலையில் வருபவர்கள். அப்போது நூலகத்தில் அப்துல் ரசாக் பாய் இருப்பார். ஃபெபி ஐந்து மணிக்கே கல்லூரிப் பேருந்தில் கோவில்பதாகையில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு சீட்டில் எழுதி இரண்டாம் கணினியின் ஓரத்தில் ஒட்டினாள். 'முழுச் செய்தியும் வேண்டாம். முக்கியமான இரண்டு மூன்று சொல் போதும். – நூலகம்.'

செவ்வாய்க் காலை பட்டியலில் 'ஃபேக்டரி குறைபாடு காரணம் தீர்வு' என்று இருந்தது. பூஜ்யம். ஆறு நிமிடம் கழித்து, ஆங்கில எழுத்தில் தமிழாக, 'சீட்டு வெச்சது யாருங்க' என்று இருந்தது. அதற்கும் பூஜ்யம்.

அவள் இரண்டாவது சீட்டை ஒட்டினாள். 'இங்கே வேலை செய்பவள். எந்தப் பொருள், அதில் என்ன குறை? அதை மட்டும் போடுங்கள்.'

புதன்கிழமை நாலு வரி வந்திருந்தது. 'கப் வாய்ல சுருக்கம்.' 'பிரஷர் பேட்.' 'பிரஷர் பேட் ப்ராப்ளம்.' கடைசியாக, 'எங்க ஷாப்புல இதுக்கு வேற பேரு இல்ல மேடம்.' நாலும் பூஜ்யம்.

ஃபெபிக்கு பிரஷர் பேட் என்றால் என்னவென்று தெரியாது. மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு இயந்திரவியல் அலமாரிக்குப் போனாள். ஆறாவது புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. மேலிருந்து ஓர் அச்சு இறங்கித் தகட்டைக் குழிக்குள் தள்ளுகிறது, தகடு கிண்ணமாகிறது. அப்படித் தள்ளும்போது தகட்டின் ஓரத்தை ஒரு வளையம் அழுத்திப் பிடித்திருக்கிறது. பிடி தளர்ந்தால் விளிம்பில் சுருக்கம் விழும். புத்தகம் அந்த வளையத்துக்கு பிளாங்க் ஹோல்டர் என்றும் சுருக்கத்துக்கு ரிங்க்ளிங் என்றும் பெயர் சொன்னது. அந்த இரண்டு பெயர்களையும் எழுதி மூன்றாவது சீட்டை ஒட்டினாள். அன்று பேருந்தில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை பட்டியலைத் திறந்தாள். 'பிளாங்க் ஹோல்டர்', பூஜ்யம். 'ரிங்க்ளிங்', பூஜ்யம். அதற்கடுத்த வரியில், 'பரவால்ல மேடம் வுடுங்க. நன்றி.'

தவறு எங்கே என்று உடனே புரிந்தது. அந்தச் சொற்கள் இருப்பது புத்தகத்துக்குள்ளே, எங்கோ ஒரு பக்கத்தில். கணினி தேடுவதோ தலைப்பையும் ஆசிரியரையும் பாடப்பிரிவையும்தான். படத்துக்குக் கீழே இருந்த பெயரை எழுதியவள், அட்டையில் இருந்த பெயரை எழுதவில்லை. நூலகப் படிப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்த விஷயம் அது.

இன்னொரு சீட்டு ஒட்டலாம். அதற்கான பதில் நாளைக் காலைதான் தெரியும். வெள்ளி மாலை கடைசி. அதோடு, வுடுங்க என்று சொன்னவர் கணினிப் பக்கம் வருவாரா என்ன?

ஐந்து மணிப் பேருந்து அவள் இல்லாமல் போயிற்று. ஆறரை வரை இரண்டாம் கணினியில் யாரும் உட்காரவில்லை. கடைசியில் ரசாக் பாயிடம் போய், இரண்டாம் கணினியில் தேடுபவர் யார் என்று கேட்டாள்.

"சீட்டப் படிச்சுகினு ஒக்காருவாரே, அவரா?" என்றார் பாய். "ராயப்பன். அம்பத்தூர் எஸ்டேட்டுல தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல வேலை. வண்டி ஸ்டாண்டுல கீறாரு பாரு. இன்னிக்கு உள்ள வரமாட்டேன்ட்டாரு."

நாற்பது வயதிருக்கும். நீலச் சட்டையில் கம்பெனி பெயர் பாதி அழிந்திருந்தது. பைக்கில் சாய்ந்து காகிதக் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஃபெபி இவ்வளவு நாளும் தன் வயதுப் பையன் யாரோ என்று நினைத்திருந்தாள். திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"சார். சீட்டு வெச்சது நான்தான்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "நான் ஒண்ணும் ஒடைக்கலயே மேடம்?"

"இல்ல சார். மூணாவது சீட்டு தப்பு. என் தப்பு. உள்ள வாங்க."

"வேணாம் மேடம். கூடப் படிக்கிறவனுங்க 'இன்னா நைனா, கம்ப்யூட்டர்ல ஜாதகமா பாக்குற'ன்னு ஓட்டறானுங்க. போன அசைன்மென்ட்டும் குடுக்கல. இதுவும் போச்சுன்னா ஒரு வருசம் போச்சு. பதினெட்டு வருசமா டிப்ளமோவோட கீறேன், இன்னொரு வருசம் இருந்துட்டுப் போறேன்."

"அந்தச் சுருக்கம் எப்படி வரும்னு சொல்லுங்க. அது மட்டும்."

ராயப்பன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கைகளை எடுத்தார். இடது உள்ளங்கை தகடு, வலது முட்டி அச்சு. பேட் எப்படிப் பிடிக்கும், எண்ணெய் கூடினால் என்ன ஆகும், சத்தத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொண்டே போனார். டீ ஆறிப்போனது. பேசிக்கொண்டே இருவரும் உள்ளே வந்து இரண்டாம் கணினி முன்னால் உட்கார்ந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இந்த வேலை மொத்தத்துக்கும் புத்தகத்து அட்டையில இருக்கற பேரு இதுதான் சார்," என்று ஃபெபி 'ஷீட் மெட்டல் ஃபார்மிங்' என்று அடித்தாள்.

முடிவுகள்: 9.

அதில் இரண்டு புத்தகங்களில் சுருக்கத்துக்கென்றே தனிப் பகுதி இருந்தது. மூன்றாவது, பழைய மாணவர்கள் அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றில் செய்த திட்ட அறிக்கை. ராயப்பன் அதை நின்றபடியே படித்தார். விரல் வரி வரியாக இறங்கியது.

"நாலு காரணம் போட்டுக்கீறான்," என்றார். "அஞ்சாவது வுட்டுட்டான். பேடுக்குக் கீழ அதத் தாங்கற பின்னுங்க கீதுல்ல, அதுல ஒண்ணு தேஞ்சு குட்டையாச்சுன்னா அந்தப் பக்கம் மட்டும் சுருங்கும். ஒரே பக்கம். எங்க ஷாப்புல அதான் பாதி."

"அதையும் எழுதுங்க."

"புக்குல இல்லாதத எழுதலாமா?"

"உங்க இடத்துல வர்ற குறைன்னுதானே சார் கேட்டிருக்காங்க."

வெள்ளிக்கிழமை காலை ஃபெபி அந்த மூன்றின் பதிவுகளையும் திறந்தாள். பாடச்சொற்கள் என்ற கட்டத்தில் பிளாங்க் ஹோல்டர், ரிங்க்ளிங் என்று சேர்த்தாள். அதற்கடுத்து பிரஷர் பேட், கப் சுருக்கம் என்றும் அடித்தாள். தட்சிணாமூர்த்தி பின்னால் வந்து நின்றார்.

"இது என்ன பேரு? எந்த புக்குல இருக்கு?"

"புக்குல இல்ல சார். ஷாப்புல சொல்ற பேரு. தேடறவங்க அதைத்தான் போடறாங்க. நாம அதுக்கு பூஜ்யம்னு சொல்லி அனுப்பறோம். இன்னும் நிறைய இருக்கு சார், நான் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "ரேக்கு ஒண்ணும் சரிஞ்சிடலம்மா," என்றார். "நோட்டைக் கொண்டா, பாப்போம்."

சனிக்கிழமைப் பட்டியலில் பதினோரு வரிகள் இருந்தன. ஏழாவது, வெள்ளி மாலை 7.05, இரண்டாம் கணினி. 'குடுத்துட்டேன் மேடம். அஞ்சாவதும் எழுதினேன். எந்தக் கம்பெனின்னு சார் கேட்டாரு.'

முடிவுகள்: 0.

ஃபெபி பதினொன்று என்று குறித்துக்கொண்டு, பத்து வரிகளை மட்டும் அழித்தாள்.