வாங்க, சின்னத் தொரை

அந்தக் கார்ட்டூன் படத்தை எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆள் பெரிய கில்லாடி. கோபுரத்தில் ஓர் இளவரசி இருக்கிறாள். அவளை யாரும் சிறை வைக்கவில்லை. கல்யாணப் பேச்சு தாங்க முடியாமல் தானே உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டவள். காவலுக்கு இருக்கும் பூதம் அவளுக்குச் சமைத்துப் போடுகிறது. முத்தம் வாங்கி மனிதனாகிவிட்ட தவளை, 'நான் குளத்திலேயே நிம்மதியாகத்தானே இருந்தேன்' என்று படம் முழுக்க அழுகிறது. சின்ன வயதில் கேட்ட கதைகளையெல்லாம் சட்டையைத் திருப்பிப் போடுவதுபோல் திருப்பிப் போட்டிருந்தார்கள். பதினொரு தடவை பார்த்தேன். பதினொரு தடவையும் சிரித்து வயிறு வலித்தது.

அதைத் தமிழில் பேசவைக்கும் வேலை எங்களுக்கு வந்தது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேலே எங்கள் ஒலிப்பதிவு அறை. கீழே பஸ்காரன் ஹோர்ன் அடித்தால் மேலே இளவரசி வாயை மூடிக்கொள்ள வேண்டும். வசனம் எழுதுவது, நடிப்பவர்களைத் திட்டுவது இரண்டும் நான், கணேஸ். பதிவு செய்வது துஷாந்த். இளவரசிக்குச் சுகிர்தாவைப் போட்டேன். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பேராதனையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டே இரண்டு வருடமாக என்னிடம் சின்னச் சின்ன வேடங்களுக்குக் குரல் கொடுத்தவள். கதாநாயகி வேடம் அவளுக்கு இதுதான் முதல் தடவை.

மாதிரிப் பதிவைக் கேட்டுவிட்டு, எங்களுக்கு வேலை கொடுத்த டீவிக்காரர் நடராஜா கொழும்பிலிருந்து போன் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் விஷயத்தில் கறார்.

"குரல் நல்லாயிருக்கு, கணேஸ். ஆனா தோட்டத்துப் பேச்சு எட்டிப் பாக்குது. இளவரசி அப்பிடிக் கதைக்கலாமே? சனிக்கிழமை வாறன். திருந்தேல்லை எண்டால் வேற பிள்ளையைப் போடுவம்."

எனக்கு வந்த கோபத்துக்குப் போனை மகாவலி ஆற்றில் எறிந்திருப்பேன். எறியவில்லை. "சரிங்க சேர்" என்றேன். பிறகு அந்தக் கோபத்தை முழுக்கச் சுகிர்தா மேல் காட்டினேன். ஐந்து நாள் அவளை வறுத்தெடுத்தேன். 'வாறீங்க' கூடாது, 'வருகிறீர்கள்'. 'மொதல்ல' கூடாது, 'முதலில்'. அவளும் முகம் சுளிக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல இளவரசிக்கு உயிர் போய்க்கொண்டே வந்தது. சிரிப்பு வரவேண்டிய இடமெல்லாம் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது.

"இந்த வேசம் என் கைய விட்டுப் போயிறுமாண்ணே?" என்று வெள்ளிக்கிழமை கேட்டாள்.

"நான் சொல்லிக் குடுத்த மாதிரி பேசுனா போகாது" என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

சனிக்கிழமை காலை நடராஜா வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு, வசனத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இளவரசன் கோபுரத்துக்கு வரும் காட்சி ஓடியது. குதிரையில் வந்து இறங்குகிறவன், கதவை எப்படித் திறப்பது என்று உள்ளே இருப்பவளுக்கே வகுப்பு எடுப்பான். திறப்போ, அந்தக் கதவின் சாவி, அவள் இடுப்பில்தான் தொங்கும். அதற்கு நான் எழுதியிருந்த பதில்: 'இளவரசரே, தாங்கள் வந்தமைக்கு நன்றி.'

சுகிர்தா திரையைப் பார்த்தாள். அவனுடைய அலட்டலைப் பார்க்கப் பார்க்க அவள் கையிலிருந்த தாள் கீழே இறங்கியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வாங்க, சின்னத் தொரை. குதிரைக்கு நாக்குத் தள்ளுது. அதுக்கு மொதல்ல தண்ணி காட்டுங்க. கதவ நான் பாத்துக்கிறேன்."

துஷாந்த் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். சுகிர்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது.

நடராஜா தாளைப் புரட்டினார்.

"ஆர் இந்தச் சின்னத்துரை? கதையில அப்பிடி ஒருத்தரும் இல்லையே. எங்கட பெரியப்பாவுக்கும் அதுதான் பேர்."

துஷாந்த் இன்னும் சத்தமாகச் சிரித்தான். நான் அவனை முறைத்தேன். சுகிர்தாதான் பதில் சொன்னாள். வேடம் போய்விட்டது என்று முடிவு கட்டியவளின் துணிச்சல் அது.

"அது பேரு இல்லீங்க சேர். தோட்டத்துல பெரிய தொரைக்குக் கீழ வேல பாக்குறவரு. படிச்சு முடிச்ச கையோட பைக்குல வந்து எறங்குவாரு. முப்பது வருசமா கொழுந்து எடுக்குற எங்கம்மாவுக்கு, கொழுந்து எப்புடிக் கிள்ளணும்னு சொல்லிக் குடுப்பாரு. அம்மாவும் 'சரிங்க தொரை'ன்னு கேட்டுக்குவாங்க."

"அவர் போன பிறகு என்ன சொல்லுவா?"

"அத டீவியில போட ஏலாதுங்க சேர்."

நடராஜா திரையைப் பார்த்தார். இளவரசன் அங்கே மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். "தம்பி, அதைத் திருப்பிப் போடும்" என்றார். துஷாந்த் போட்டான். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாம் தடவை சிரிப்பில் அவருடைய தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கட டீவிக் கந்தோருக்கும் போன மாசம் இப்பிடி ஒருத்தர் வந்திருக்கிறார். எனக்குத் தமிழ் எழுதப் படிப்பிக்கிறார்" என்றார். "கணேஸ், முழுக்கத் திரும்ப எடுங்கோ. இந்தப் பிள்ளை கதைக்கிற மாதிரியே இளவரசி கதைக்கட்டும்."

அவளைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டும்போல் இருந்தது எனக்கு. நாற்பது பக்கம் எழுதியும் என்னால் பிடிக்க முடியாத பகிடியை ஒரே பேச்சில் பிடித்துவிட்டாள். கெட்டிக்காரி. படத்தை எழுதியவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அவனும் எழுந்து நின்று கை தட்டியிருப்பான்.

நடராஜா டீ குடிக்கக் கீழே இறங்கினார். சுகிர்தா மைக் முன்னால் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நெசமாவே இளவரசி இப்புடிப் பேசலாமாண்ணே?"

"அதான் அவரே சொல்லிட்டாருல்ல. இன்னும் என்ன சந்தேகம் ஒனக்கு?"

"சந்தேகம் இல்லண்ணே. இதுக்கு முன்னால நீங்க எழுதுன ஏழு படத்துலயும் எங்க பேச்சு பேசுனது வேலைக்காரி மட்டுந்தான். ஏழுலயும் நான்தான் பேசுனேன். அதான் கேட்டேன்."

அவள் சும்மாதான் சொன்னாள். வெட்கத்தில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பிறந்ததும் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், ஒரு லயத்துக் காம்பராவில்தான்.