ஆறு ஐந்துக்கு நல்ல நேரம்

யோகராசாவுக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர் வயல் உண்டு. அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கையடக்க விளையாட்டுப் பெட்டிக்குள் மூன்று வருடமாகக் கமம் செய்துவந்தார். முப்பது வருடத்துக்கு முந்திய விளையாட்டு. பழைய விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர் மென்பொருளை ஏற்றினால் உள்ளங்கைக்குள் ஓடும். அதில் அவருக்குப் பன்னிரண்டு மாடு, கல்வீடு, காய்த்துக் குலுங்கும் தோட்டம் எல்லாம் இருந்தன. அங்கே யானை வராது, உரத்துக்கு வரிசையில் நிற்கவும் வேண்டாம். பண்ணையின் பெயர் 'யோகன்'.

வீடு களுதாவளையில், அலுவலகத்தில் எழுதும் லிகிதர் வேலை வாகரையில். ஞாயிறு பின்னேரம் பஸ் ஏறினால் வெள்ளி இரவுதான் திரும்புவார். வீட்டில் நிற்கும் இரண்டு நாளும் மனைவி யசோதினி பெட்டியைப் பறித்துக்கொள்வாள். தண்ணீர் ஊற்றுவதும் பால் கறப்பதும் அவள். பெயர் மட்டும் அவருடையது. மற்ற நாட்களில் போனில் பேசுவதும், "கறுப்பி மாடு கண்டு போட்டுதா?" என்றுதான். வேறு பேச்செல்லாம் எப்போதோ வற்றிவிட்டது. அந்தப் பண்ணை இல்லாவிட்டால் அவளோடு என்ன பேசுவது என்று யோகராசாவுக்கு உண்மையாகவே பயம்.

ஆகவே அவளுக்கென்று இன்னொரு பெட்டி வாங்கினார். இரண்டையும் இணையத்தால் பிணைத்துவிட்டால், இவர் வாகரையில் விதைக்க அவள் களுதாவளையில் தண்ணீர் விடலாம். வழி சொல்லிக் கொடுத்தவன் அலுவலக நண்பன் அல்பேட்.

"ரெண்டு பெட்டியிலயும் சேவ் கோப்பு இருந்தா, நேரத்தைப் பாக்கும். எது புதுசோ அது பழசை அழிச்சிரும். அவ்வளவுதான். எதுக்கும் பழசில ஒரு பிரதி எடுத்து வைங்க."

பிரதி எடுப்பது அபசகுனம் என்று யோகராசா அதை விட்டுவிட்டார்.

ஞாயிறு காலை புதுப்பெட்டி பிள்ளையார் கோயிலுக்குப் போனது. "என்ன இது, போனா?" என்றார் ஐயர். "கமம், ஐயா" என்றார் யோகராசா. திரையில் சந்தனம் விழுந்தது. சக்கரம் இல்லாதபடியால் எலுமிச்சம்பழம் நசிபடாமல் தப்பியது.

விளையாட்டை ஏற்றி முடிக்கப் பின்னேரம் நாலே முக்கால். ராகுகாலம் தொடங்கிவிட்டது, ஆறு மணிக்குத்தான் முடியும். பஸ்ஸோ ஐந்தேகாலுக்கு. முதல் சேவ் ராகுகாலத்தில் விழலாமா? யோகராசா தயங்கவில்லை. புதுப்பெட்டியின் மணிக்கூட்டை ஆறு ஐந்துக்குத் தள்ளி வைத்தார்.

"இஞ்சேருங்க, ராகு உங்கட பெட்டியில மணி பாத்துத்தான் வாறவரா?" என்றாள் யசோதினி.

"உனக்கு விளங்காது. முதல் சேவ் நல்ல நேரத்தில விழோணும்."

பிள்ளையார் சுழி போடுவதுபோல் புது ஆட்டம் ஒன்றைத் தொடங்கினார். வெறும் நிலம், கல்லும் புல்லும், ஒரு மண்வெட்டி. பெயர் கேட்டது. அவசரத்தில் ஆங்கில 'வை' எழுத்தை மட்டும் தட்டிச் சேவ் பண்ணினார். பிறகு இணைப்பைத் தட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியபோது தன் பெட்டியைத் திறந்தார். மாடு இல்லை. வீடு இல்லை. கல்லும் புல்லும்தான் கிடந்தன.

அப்போதுதான் விளங்கியது. இங்கே கடைசிச் சேவ் நாலு இருபது. அங்கே ஆறு ஐந்து. எது புதுசோ அது வென்றது. மூன்று வருடப் பண்ணையை ஒரு வெறும் நிலம் துடைத்துவிட்டது. போனைப் பார்த்தார்: மணி ஐந்து ஐம்பது. ராகுகாலம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அழுகை வரும்போல இருந்தது. அதற்குள் போன் அடித்தது. யசோதினி.

"பாத்தன். எல்லாம் புதுசாக் கிடக்கு. வை எண்டு பேர் போட்டிருக்கு."

யோகராசா திரையில் அந்த எழுத்தைத் தேடினார்.

"யசோதினிக்குத்தானே அந்த வை?" என்று கேட்டாள்.

தன் பெயருக்கும் அதே எழுத்துத்தான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை அவர் கேட்டுப் பல வருடமாகிவிட்டது.

"ஓம்," என்றார்.

"எனக்காகவா பழசெல்லாத்தையும் அழிச்சீங்க?"

"ஓம். நல்ல நேரம் பாத்துத்தான்."

"அப்ப மறுகா நான் விதைக்கிறன்," என்றாள் யசோதினி. "நீங்க கல்லுப் பொறுக்குங்க."

வாழைச்சேனை வரும்வரை யோகராசா கல்லுப் பொறுக்கினார்.